இதை எழுதின கை

முன்னொரு காலத்தில், ராஜாக்களும் கணினிகளும் ஒரே அரண்மனையில் குடியிருந்த காலத்தில், ஒரு மன்னர் இருந்தார். அப்படிக்கூட ஒரு காலம் இருந்ததா என்று குடையாதீர்கள், இருந்தது. அந்த நாட்டில் ஏரி மதகைத் திறப்பதும் அடைப்பதும்கூடக் கணினிதான். அதற்கு நிரல் எழுத ஒரு கூட்டம், எழுதியதைப் பார்த்துக் குறை சொல்ல ஒரு சபை.

ஒருநாள் மன்னருக்குக் கிறுக்குப் பிடித்தது. "நம் சபையில் சொல்லும் சொல் எதுவும் வீணாகக் கூடாது. இனி சொன்னது சொன்னபடி நடக்கட்டும்" என்று ஆணையிட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நிரலாளர்களின் வாய் எப்படிப்பட்டதென்று அவருக்குத் தெரியாது. அடுத்தவர் நிரலைப் பார்த்ததும் "குப்பை" என்பதும், "இதை எழுதினவனைக் கட்டிவைத்து உதைக்கணும்" என்பதும் அவர்களுக்குக் காலை வணக்கம் மாதிரி. ஆணை வந்த வாரமே பொன்னப்பன் என்ற நிரலாளனைத் தூணில் கட்டிவைத்து உதைத்தார்கள். அதற்குப் பிறகு அவன் நிமிர்ந்து நடக்கவேயில்லை.

சபைத் தலைவர் விருத்தகிரி பெரிய கெட்டிக்காரர். அந்தச் சம்பவத்துக்குப் பிறகாவது நாக்கை அடக்கினாரா என்றால் இல்லை, ருசி கண்டுவிட்டார். தாம் பேசும்போது கொட்டாவி விடும் மன்னர், விகடகவி கொம்பையா வாயைத் திறந்தாலே சிரிக்கிறாரே என்ற வயிற்றெரிச்சல் வேறு அவருக்கு.

அடைமழைக்கு முன்னால் மரகதவல்லி என்ற பெண் எழுதிய மதகு நிரல் சபைக்கு வந்தது. விருத்தகிரி பாதிகூடப் படிக்கவில்லை.

"ஒரே சோதனையை மூன்று இடத்தில் எழுதி வைத்திருக்கிறாள். இதை எழுதின கையை ஒடிக்கணும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

"மன்னா, ஒடிக்கும் வேலையைக் கொம்பையாவுக்கே கொடுங்கள். உட்கார்ந்து தின்கிறவர் ஒருநாள் உழைக்கட்டும். மறுத்தால் அவர் கை ஒடியட்டும்" என்றார் விருத்தகிரி.

மன்னருக்கு இது வேடிக்கையாக இருந்தது. உலக்கை வந்தது, கல் வந்தது. கொம்பையா உலக்கையைக் கையில் எடுத்தார். ஆயுளில் முதல்முறையாக அவருக்கு ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை.

மரகதவல்லி கல்லருகில் வந்தாள். "ஐயா, எந்தக் கைய நீட்டணும்? ரெண்டு கையாலயுந்தானே தட்டினேன்?" என்று கேட்டாள்.

அழவேண்டும் போலிருந்தது கொம்பையாவுக்கு. எந்தக் கை என்று அவருக்கும் தெரியவில்லை. "தீர்ப்போலையைக் கொடுங்கள், பார்த்துச் செய்கிறேன்" என்றார். தீர்ப்பைச் சபைத் தலைவர் தம் கையாலேயே ஓலையில் எழுதித் தருவது அந்த அரண்மனை வழக்கம். விருத்தகிரி அலட்சியமாகக் கிறுக்கி நீட்டினார்.

கொம்பையா வாசித்தார். "'இதை எழுதின கையை ஒடிக்கணும்.' இவ்வளவுதானா? எந்த நிரல், எந்த வரி, யார் எழுதியது, ஒன்றையும் காணோமே?"

"எல்லாருக்கும் தெரிந்ததுதானே! எழுதியிருப்பதைச் செய்யும்."

"எழுதியிருப்பதை எழுதியபடியேவா, மன்னா?"

"ஓர் எழுத்துப் பிசகக் கூடாது" என்றார் மன்னர்.

கொம்பையா நேரே போய் விருத்தகிரியின் வலது மணிக்கட்டைப் பிடித்துக் கல்லின்மேல் வைத்து அமுக்கினார். உலக்கையை ஓங்கினார். "என் கையில் இருப்பது இந்த ஓலை. இதை எழுதின கை இதுதான்."

"ஐயோ, நான் சொல்ல வந்தது அதில்லை!" என்று அலறினார் விருத்தகிரி.

"பிறகு என்ன சொல்ல வந்தீர்? அதை எழுதும். எழுதியபடி நடக்கும் என்பதை நினைவில் வைத்து எழுதும்."

விருத்தகிரி நிரலை முதல் வரியிலிருந்து படித்தார். பிறகு, அந்தச் சபையில் யாரும் யாரையும் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்: "ஏனம்மா மூன்று இடத்தில் வைத்தாய்?"

"மூணு மதகும் தனித்தனிங்க. ஒண்ணு பழுதானாலும் மத்த ரெண்டும் தண்ணியப் பாத்துத் தானே திறக்கணும். ஆனா நீர்மட்ட அளவையும் மூணு இடத்துல எழுதிட்டேன். அது தப்புதாங்க. மழைக்கு முன்னாடி முடிக்கச் சொன்னாங்க, அவசரத்துல கவனிக்கல."

விருத்தகிரி எழுதினார்: 'மூன்று மதகுக்கும் சோதனை தனித்தனியே இருப்பது சரி. நீர்மட்ட அளவை மட்டும் ஒரே இடத்தில் வைத்தால் மாற்றுவது எளிது.'

"இதை நிறைவேற்ற உலக்கை எதற்கு?" என்று அதைக் கீழே போட்டார் கொம்பையா. மரகதவல்லி அங்கேயே உட்கார்ந்து திருத்தி முடித்தாள்.

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கொம்பையாவுக்குப் போட்டார். இனி எந்த வரியில் என்ன குறை என்று சொல்லி, ஏன் என்று கேட்ட பிறகே தீர்ப்பு என்றும் ஆணையிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஆமாம் கொம்பையா, ஓலையில் 'மரகதவல்லியின் கை' என்று ஒழுங்காக எழுதியிருந்தால் என்ன செய்திருப்பாய்?"

"ஒடித்திருப்பேன், மன்னா."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையும் சேர்ந்து சிரித்தது. மரகதவல்லி மட்டும் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கொம்பையா அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.