கேரட்டா, பீட்ரூட்டா?

மலைச்சரிவுக் காட்டில் செம்பி என்றொரு முயல் இருந்தது. மூன்று நாளுக்கு முன்புதான் அது நான்கு குட்டிகளை ஈன்றிருந்தது. குட்டிகளைப் புதருக்குள் ஒளித்து வைத்துவிட்டுப் பகல் முழுக்கத் தள்ளியே இருக்கும். அடிக்கடி போனால் நரி மோப்பம் பிடித்துவிடுமே! பொழுது சாயும் நேரத்தில் ஒரே ஒருமுறை போய்ப் பால் கொடுக்கும். முயல்களின் வழக்கம் அது.

நேற்றுப் பால் சரியாகச் சுரக்கவில்லை. கோடையில் புல்லெல்லாம் காய்ந்து கிடந்தது, செம்பிக்கே அரைவயிறுதான். கடைக்குட்டி வெறும் காம்பைச் சப்பிவிட்டுச் சோர்ந்து படுத்துவிட்டது. இன்றும் பால் இல்லையென்றால் அது பிழைக்காது. அதை நினைத்ததும் செம்பி இரை தேடிக் கிளம்பியது.

காட்டோரத் தோட்டத்தில் இரண்டு பாத்திகள் இருந்தன. ஒன்றில் கேரட், மற்றதில் பீட்ரூட். வேலியருகே குரங்கும் பெருச்சாளியும் உட்கார்ந்திருந்தன.

"எதைத் தின்னா பால் நல்லா ஊறும்?" என்று செம்பி கேட்டது. கேட்டதுதான் தப்பு!

"இதென்ன கேள்வி, கேரட்டுதான்!" என்றது குரங்கு. "கண்ணுக்கு நல்லது, உடம்புக்குத் தெம்பு!"

"பீட்ரூட்டுக்கு முன்னாடி கேரட் நிக்குமா?" என்று சீறியது பெருச்சாளி. "ரத்தம் ஊறினாத்தானே தாயி பால் ஊறும்?"

செம்பி பீட்ரூட் பக்கம் ஓடியது.

"ஐயோ, நில்லு! அதைத் தின்னா சிறுநீரகத்துல கல்லு வரும்!" என்று கத்தியது குரங்கு.

பயந்துபோய்க் கேரட் பக்கம் திரும்பியது.

"வேண்டாம் தாயி! கேரட்டை அதிகமாத் தின்னா தோலே மஞ்சளாயிடும்!" என்று தடுத்தது பெருச்சாளி.

"அண்ணே, மாமா, சண்டை போடாம ஒரு முடிவு சொல்லுங்க. குட்டிங்க பசியில கிடக்கு!"

"அதனாலதான் சொல்றோம்! பிள்ளை பெத்த உடம்பு, கண்டதைத் தின்னலாமா? கொஞ்சம் பொறு!" என்றன இரண்டும்.

நல்லதுக்குத்தானே சொல்கிறார்கள் என்று செம்பி பொறுத்தது. உச்சிவெயில் போனது. நிழல் நீண்டது. சத்துக் கணக்கு மட்டும் முடியவில்லை. செம்பி மேற்கே பார்ப்பதும் புதரைப் பார்ப்பதுமாகத் தவித்தது.

திடீரென்று நாய்கள் குரைத்தன! தோட்டக்காரர் அவிழ்த்துவிட்டுவிட்டார். குரங்கு மரத்துக்குத் தாவியது. பெருச்சாளி வளைக்குள் பாய்ந்தது. அப்போதுதான் செம்பி சரியாகப் பார்த்தது. குரங்கின் கன்னம் கேரட்டால் உப்பியிருந்தது. பெருச்சாளியின் மீசையில் பீட்ரூட் சாறு சொட்டியது. வாதாடிய இருவரும் நாளெல்லாம் வயிறு முட்டத் தின்றிருக்கிறார்கள்! பட்டினி கிடந்தது அது ஒன்றுதான்.

செம்பிக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. ஆனால் அழ நேரமில்லை. வேலி இடுக்கில் நுழைந்து வெளியே பாய்ந்தது; நாய்கள் வேலிக்குள்ளேயே நின்று குரைத்தன. தோட்டத்து ஆட்கள் காலையில் அரிந்து எறிந்த தழைகள் வேலிக்கு வெளியே வாடிக் கிடந்தன. கேரட் தழையா, பீட்ரூட் தழையா என்று பார்க்கவே இல்லை. அவசர அவசரமாக மென்று விழுங்கிவிட்டுப் புதருக்கு ஓடியது.

குட்டிகள் முண்டியடித்தன. நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. செம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. பிறகு மெல்ல மெல்லப் பால் சுரந்தது. அதிகமில்லை. ஆனாலும் கடைக்குட்டிக்கு நாலு மடக்கு கிடைத்தது. அதன் வாலும் லேசாக அசைந்தது.

மறுநாள் காலையில் குரங்கு ஓடிவந்தது. "செம்பி, ஒரு முடிவுக்கு வந்துட்டோம்!"

வாய் நிறையத் தழையோடு இருந்த செம்பி தலையைக்கூடத் தூக்கவில்லை.

பசித்திருப்பவர்கள் எது சிறந்த உணவு என்று வயிறு நிறைந்தவர்களிடம் கேட்டு நிற்காமல், கிடைத்த நல்ல உணவை அப்போதே உண்ண வேண்டும்.