பொட்டு வைக்காத தளபதி

ஆயுத பூஜையன்று வீட்டைவிட்டுக் கிளம்பி ஆசிரமத்துக்கு வந்த தணிகாசலத்துக்கு மூன்று நாளாக வாய் ஓயவில்லை. சமையற்கட்டில் கீரை கழுவுகிறவள்வரை அவர் கதையைக் கேட்டாயிற்று. பந்தியில் மட்டும் தவறாமல் முதல் ஆளாக உட்கார்ந்தார்.

குரு மீனலோசனி அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். வாழைப்பூ ஆய்ந்தபடியே கேட்டார்.

"இன்னும் ஆறவில்லையா?"

"எப்படியம்மா ஆறும்? அந்தக் காலத்துப் படைத்தளபதிகள் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு தங்கப் பதக்கம், இப்போது புதிதாக அடித்து விற்கிறார்கள். வருஷத்துக்கு ஒன்றாகச் சேர்த்தேன். கையுறை இல்லாமல் நானே தொட்டதில்லை. என் பெண்டாட்டி குமுதா என்ன செய்தாள் தெரியுமா? கண்ணாடி மூடிகளைத் திறந்து, அரிவாள்மணைக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு மூஞ்சியிலும் சந்தனம், குங்குமம்."

"எதற்காம்?"

"'வாள் பிடிச்சவங்களை விட்டுட்டு கத்தரிக்கோலுக்கா பொட்டு வைப்பாங்க'ன்னு என்னையே கேட்கிறாள். முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியும் அருமை தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கும்வரை அந்த வீட்டு வாசல்படி மிதிக்கமாட்டேன்."

"துடைத்துவிட்டால் போகிறது."

"துடைத்தால் கீறல் விழும். அப்புறம் சேகரிக்கிறவன் எவனும் சீந்தமாட்டான்."

"பன்னிரண்டு பேருக்கும் வைத்துவிட்டாளா?"

"பதினொன்று. கடைசி ஆளை நான் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்."

சட்டைப் பையிலிருந்து அதை மூடியோடு எடுத்துக் காட்டினார். குதிரைமேல் ஒருவர். மீசையில் ஒவ்வொரு முடியும் மின்னியது.

"யார் இவர்?"

தணிகாசலம் கோபத்தை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோட்டை வாசலில் ஒற்றை ஆளாக நின்றவர் அம்மா. உடம்பில் பதினேழு காயம். மூன்று நாள் சேற்றிலும் ரத்தத்திலும் கிடந்தார். தூக்க ஒரு நாதி இல்லை."

அம்மை பதக்கத்துக்காகக் கையை நீட்டினார். விரலெல்லாம் வாழைப்பூக் கறை.

தணிகாசலம் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "கறை பட்டுவிடும் அம்மா."

"சேற்றில் கிடந்தவர்தானே?"

தணிகாசலம் பதக்கத்தைப் பார்த்தார். மூடியைத் திறக்கவுமில்லை, பைக்குள் போடவுமில்லை.

அம்மை கடைசிப் பூவின் நரம்பைக் கிள்ளி எறிந்தார். மூன்று நாளில் முதல்முறையாக அவர் குரலில் சூடு ஏறியது.

"பதினொரு பேருக்கு உங்கள் வீட்டில் மரியாதை நடந்திருக்கிறது, தணிகாசலம். இவர் மட்டும் எந்தப் போரில் தோற்றார்?"