எலும்புகள் பேச்சை நிறுத்திய கதை

எலும்புகளுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், எந்த மனிதனாலும் ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற முடிந்ததில்லை. பதுங்கிப் பதுங்கி மான் பிடிக்கப் போகிறவனின் கணுக்கால், "முள்ளு கெடக்கு, பாத்து வை" என்று உரக்கச் சொல்லிவிடும். மான் நிமிர்ந்து பார்த்து, கணுக்காலுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஓடும். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை, "எனக்குக் களைப்புன்னா என்னன்னே தெரியாது" என்று பீற்றிக்கொண்டிருக்கும்போதே அவன் இடுப்பெலும்பு, "படுத்தே கெடந்தா எப்படித் தெரியும்?" என்று குட்டை உடைக்கும்.

எலும்போடு எலும்பு உரசுகிற இடத்தில்தான் பேச்சு பிறந்தது. அதாவது மூட்டுக்கு மூட்டு ஒரு வாய். ஆனாலும் பொதுவாக எலும்புகள் கஞ்சத்தனமாகத்தான் பேசும். ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை, அதோடு சரி. மலையடிவாரத்தில் ஓடைக்கரையோரம் குடியிருந்த அரும்பியின் எலும்புகள் மட்டும் அப்படி இல்லை. அவை வாய் ஓயாதவை. அதற்குக் காரணம் அவளேதான்.

அரும்பியின் கணவன் குன்றன் தேனெடுக்கிறவன். மலை ஏறினால் இறங்கப் பத்து நாள் ஆகும். அடுத்த குடிசைக்குப் போக அரை நாள் நடக்க வேண்டும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் பிள்ளையும் இல்லை. தனியாகக் கிடந்து என்ன செய்வாள்? தன் எலும்புகளோடு பேச ஆரம்பித்தாள். சாமை குத்தும்போது தோள்பட்டையோடு கதை. தண்ணீர் எடுத்து வரும்போது முதுகுத்தண்டோடு சண்டை. விரல் கணுக்களை அவள் பிள்ளைகளைப் போலக் கொஞ்சினாள். கேட்க ஆள் இருந்தால் யார்தான் பேசமாட்டார்கள்? எலும்புகளுக்குச் செல்லம் கூடிப்போயிற்று.

எல்லாவற்றிலும் அவளுக்கு நெருக்கம் வலது முழங்கால். முட்டியண்ணே என்றுதான் கூப்பிடுவாள். கொஞ்சம் முரட்டுக் குரல், ஆனால் தங்கமான மனசு. குன்றன் வரத் தாமதமான நாட்களில் அவள் வாசலில் உட்கார்ந்து அழும்போது, "அழுது முடிச்சிட்டியா? எந்திரி. எந்திரிச்சுக் கஞ்சி குடி. நீ குடிக்காம நான் எப்படி நிக்கிறது?" என்று அதட்டும். அந்த அதட்டல் இல்லாவிட்டால் பன்னிரண்டு வருஷத்தை அவள் கடந்திருக்கவே மாட்டாள்.

பதின்மூன்றாவது வருஷம் அரும்பிக்கு ஒரு பெண் பிறந்தது. மயிலை என்று பேர் வைத்தார்கள். குன்றன் ஒரு வாரம் மகளைத் தன் மடியிலேயே தூங்க வைத்துப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு, சோறு வேண்டுமே, மலைக்குப் போனான்.

பிறந்த குழந்தையின் எலும்பு இளங்குருத்து. அதற்குப் பேச்சு வராது. ஆகையால் மயிலையால் தொல்லை இல்லை. தொல்லையெல்லாம் அரும்பியின் எலும்புகளால்தான். பன்னிரண்டு வருஷமாக அவளோடு சேர்ந்து ஏங்கியவை அல்லவா? சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. அவள் குழந்தையைத் தூக்கினால் வலது முழங்கை, "என் மேலதான் தலை வைக்கணும்" என்று அடம் பிடிக்கும். இடது முழங்கை விடுமா? "நேத்தும் நீதானே!" தாலாட்டுப் பாட வாயைத் திறந்தால் தாடையெலும்பு தன் பங்குக்கு ஒரு பாட்டை எடுத்துவிடும். முதுகுத்தண்டில் முப்பது சொச்சம் கணுக்கள். ஒன்று கேட்டதை அடுத்ததுக்குச் சொல்லி, அது அதற்கடுத்ததுக்குச் சொல்லி, கழுத்தில் கிளம்பிய செய்தி இடுப்புக்கு வந்து சேர்வதற்குள் குழந்தை நான்கு முறை விழித்துவிடும்.

"கொஞ்சம் சும்மா இருங்களேன்!" என்பாள் அரும்பி.

"நாங்க சும்மாதானே இருக்கோம்!" என்று எல்லா எலும்புகளும் ஒரே குரலில் சொல்லும். குழந்தை வீறிட்டு அழும்.

குன்றன் போய் ஆறு நாள் ஆயிற்று. மயிலை கண்ணை மூடி ஒரு நாழிகை தூங்கியதில்லை. ஆறாம் நாள் காலையில் அழுவதற்குக்கூட அதற்குத் தெம்பில்லை. மார்பில் வைத்தால் சப்பவில்லை. கை துவண்டு தொங்கியது. அரும்பி மூட்டுக்கெல்லாம் துணி சுற்றிக் கட்டிப் பார்த்தாள். துணிக்குள்ளிருந்தும் முணுமுணுத்தன. அசையாமல் உட்கார்ந்து பார்த்தாள். அசையாவிட்டால் இடுப்பு மரத்துப்போய், அது தனியாகப் புலம்பத் தொடங்கியது. எலும்புகளைத் திட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை. அவையும் பாசத்தில் அல்லவா பேசின?

"முட்டியண்ணே, எம்புள்ள போயிருமா?" என்று கேட்டாள்.



அப்போது தண்ணீர்ப்பானைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆறு நாளா நானும் தூங்கல. அதையும் யாராவது கேப்பீங்களா?"

நத்தை. அந்தப் பானையடி ஈரத்தில்தான் அது குடியிருந்தது. அந்தக் காலத்து நத்தையைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. அதைப்போல ஓடக்கூடியது அந்தக் காட்டில் ஒன்றும் கிடையாது. உடம்பெல்லாம் வழுவழுவென்று நீர் சுரக்கும். மலை உச்சியில் புறப்பட்டால் ஒரே வழுக்காக வழுக்கி அடிவாரத்தில் வந்து நிற்கும். முயல் இரண்டு முறை பந்தயம் வைத்துத் தோற்று, மூன்றாம் முறை காலில் சுளுக்கு என்று சொல்லிவிட்டது. நத்தைக்கு அதில் பெருமை சொல்லி மாளாது.

"எலும்புன்னு ஒண்ணு இருந்தாலே இந்தத் தொந்தரவுதான்," என்றது நத்தை. "எனக்கு ஒத்த எலும்பு கெடையாது. எவ்வளவு நிம்மதி தெரியுமா? உங்க வீட்டு எலும்புங்க மட்டும் வறவறன்னு ஒண்ணோட ஒண்ணு உரசுது. உரசுனா சத்தம் வரத்தான் செய்யும். எங்கிட்ட இருக்கிற வழுவழுப்பு அதுக்கு நடுவுல போயிருச்சுன்னு வையி, ஒரு சத்தம் வராது."

"அப்ப கொஞ்சம் குடேன், தாயி! எம்புள்ள பொழைக்கும்."

நத்தை யோசித்தது. "கொஞ்சம் பத்தாது. உனக்கு எத்தனை மூட்டு இருக்குன்னு நினைச்சே? அத்தனைக்கும் குடுத்தா எனக்கு ஒட்டிட்டு ஊர்றதுக்குத்தான் மிஞ்சும். ஓட்டம் போயிரும்."

அரும்பி மடியில் துவண்டு கிடந்த மயிலையைப் பார்த்தாள். நத்தையும் கொம்பை நீட்டிக் குழந்தையைப் பார்த்தது. பிறகு, "சரி, ஓடி ஓடி என்னத்தைக் கண்டேன்? தொன்னையை எடு," என்றது.

தேக்கிலைத் தொன்னை நிறைய நத்தை தன் வழுவழுப்பைப் பிழிந்து கொடுத்தது. கொடுக்கக் கொடுக்க அதன் உடம்பு சுருங்கிக்கொண்டே வந்தது.

அரும்பி தொன்னையை வாயருகே கொண்டுபோனாள். கை நின்றுவிட்டது. இதைக் குடித்தால் முட்டியண்ணனும் பேசமாட்டான். பன்னிரண்டு வருஷத் துணை. கண்ணில் நீர் முட்டியது.

"அண்ணே..." என்றாள்.

"எனக்குப் புரியுது," என்றது முட்டி. அதன் குரல் வழக்கத்தைவிடக் கரகரத்தது. "குடி."

"நீ பேசாம நான் எப்படி இருப்பேன்?"

"ஏன், பேச உனக்கு ஒரு மகள் வந்துட்டாளே! ஒரு வருஷம் போகட்டும், அவ பேசுற பேச்சுல நாங்க பேசுனது ஒண்ணுமே இல்லைன்னு ஆயிரும். குடி, புள்ள. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. ஏம்மா நத்தை, இந்த வழுவழுப்பு காயவே காயாதா?"

"அவளுக்குத் தலை நரைக்கிற வரைக்கும் தாங்கும்," என்றது நத்தை. "அப்புறம் காயும்."

"அது போதும். தலை நரைச்ச காலத்துல மகள் ஒரு ஊரு, ஆத்தா ஒரு ஊருன்னு ஆயிரும். அப்ப நான் வந்துர்றேன். அதுவரைக்கும் உன்னைத் தாங்கிட்டுத்தானே இருக்கப்போறேன்? எங்கேயும் போயிரலை."

அரும்பி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

குடித்ததை மூட்டு மூட்டாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது ரத்தக் குழாய்களின் வேலை. அவை எலும்புகளைப்போல வம்பளப்பவை அல்ல. பாரம் தூக்குகிறவர்கள் மாதிரி ஒரே தாளத்தில் 'ஹும், ஹும்' என்று ராவும் பகலும் ஓடிக்கொண்டிருப்பவை. ஆனால் அன்றைக்கு வலது கைக்குப் போகும் குழாய் மணிக்கட்டருகே தயங்கி நின்றது.

"கொண்டு போறோம், தாயி. வேணாம்னு சொல்லல. எலும்புங்க எல்லாம் பாப்பாவைத் தூக்கிச்சு, கொஞ்சிச்சு. நாங்க இருட்டுக்குள்ளேயே ஓடுறோம். எங்களுக்கும் ஒரு தடவை காட்டக் கூடாதா?"

அரும்பி மணிக்கட்டைத் திருப்பி, அதன்மேல் மயிலையின் தலையைச் சாய்த்தாள். குழாய் எலும்போரமாக மேலே ஏறி, தோலுக்கு அடியில் வந்து, குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது. அந்த இடத்தை விட்டு அது மறுபடி உள்ளே இறங்கவே இல்லை. இன்றைக்கும் அங்கே விரல் வைத்தால் அதன் 'ஹும், ஹும்' கையில் தட்டும்.

வழுவழுப்பு உடம்பெங்கும் பரவியது. இடுப்பு ஏதோ புகார் சொல்லிக்கொண்டிருந்தது, பாதியில் நின்றுவிட்டது. முதுகுத்தண்டின் கணுக்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக அடங்கின. முழங்கைகள் இரண்டும் சண்டையை மறந்தன. கடைசியாக முட்டி, "அழாதே, என்ன? அழுதா அதட்ட நான்..." என்றது. அதோடு சரி.

குடிசை அமைதியாயிற்று. ஓடைச் சத்தம் அன்றுதான் முதன்முதலாக வீட்டுக்குள் கேட்டது. மணிக்கட்டின் தாளம் கன்னத்தில் தட்ட, மயிலை ஒரு கொட்டாவி விட்டது. கண்கள் சொருகின. தூங்கியது. உச்சி வெயில் சாய்கிற வரை தூங்கியது. எழுந்ததும் பசியென்று கத்தியது பாருங்கள், மலைமேல் குன்றனுக்கே கேட்டிருக்கும். மார்பில் வைத்தாள். ஈறால் கடித்துக் கடித்துக் குடித்தது. வலித்தது அரும்பிக்கு. அந்த வலியில் அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

பால் குடித்துவிட்டு மறுபடி தூங்கிய மகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆசை பொங்கியது. இரண்டு கையாலும் குழந்தையின் முகத்தை மேலிருந்து கீழாக வழித்தாள். அந்த விரல்களை மடக்கித் தன் நெற்றிப் பொட்டில் வைத்து அழுத்தினாள்.

நெட், நெட், நெட், நெட் என்று கேட்டது.

அரும்பி திடுக்கிட்டாள். விரல் கணுக்கள்! வெகு தூரத்தில், குறுகலான சந்துகளில் இருப்பவை. அங்கே போய்ச் சேர்வதற்குள் வழுவழுப்போடு கொஞ்சம் காற்றும் கலந்துவிட்டது. அந்தக் காற்றில் ஆளுக்கு ஒரு வார்த்தை மிச்சமிருந்தது. வைத்திருந்த ஒற்றை வார்த்தையை அவை குழந்தைக்காகச் சொல்லிவிட்டன. உடனே மறுபடி அழுத்திப் பார்த்தாள். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அழுத்தினால் மறுபடி ஒன்று. மயிலை விழிக்கவில்லை. தூக்கத்திலேயே உதட்டை ஒரு பக்கமாக இழுத்துச் சிரித்தது.

பத்தாம் நாள் மலையிலிருந்து திரும்பிய குன்றன், வாசலில் நின்று, "வீட்டுல யாருமில்லையா?" என்று கேட்டானாம். அவ்வளவு நிசப்தம். சங்கதி மலையெங்கும் பரவியது. முதலில் வேட்டைக்காரர்கள் வந்தார்கள். பிறகு பெண் கிடைக்காத மாப்பிள்ளைகள் வந்தார்கள். பிறகு எல்லோரும் வந்தார்கள். பானையடி நத்தை தன் சாதிசனத்தையெல்லாம் கூப்பிட்டுத் தொன்னை தொன்னையாகக் கொடுக்க வைத்தது. அதனால்தான் நத்தைகள் இன்றைக்கு அப்படி ஊர்கின்றன. முயல் கேலி பேச வந்தபோது நத்தை ஓட்டுக்குள் இருந்தபடியே, "பேசாமப் போ, நான் தூங்கணும்," என்றதாம்.

முட்டி சொன்னது பொய்யில்லை. மயிலை பேச ஆரம்பித்த பிறகு அந்த வீட்டில் வேறு யாரும் பேச வழியில்லை. ஓடினாள், விழுந்தாள், வளர்ந்தாள். மலைக்கு அந்தப்பக்கம் ஒரு நல்லவனைக் கட்டிக்கொண்டு போனாள். குன்றன் வழக்கம்போல மலைமேல் இருந்தான். அரும்பிக்குத் தலை முழுக்கப் பஞ்சாய் வெளுத்திருந்தது.

ஒரு காலையில் அடுப்பு மூட்ட உட்கார்ந்தவள், தண்ணீர் எடுக்க எழுந்தாள்.

'கடக்' என்றது.

அரும்பி அப்படியே நின்றாள். பிறகு, நிச்சயப்படுத்திக்கொள்ள, மெல்ல உட்கார்ந்து மறுபடி எழுந்தாள். 'கடக், முடக்.' எத்தனையோ வருஷம் பேசாத வாய். வார்த்தை துலங்கவில்லை. ஆனால் குரல் அதே முரட்டுக் குரல். 'எந்திரிச்சுக் கஞ்சி குடி' என்கிற அதே அதட்டல்.

"வந்துட்டியா, அண்ணே!" என்றாள் அரும்பி. முட்டியைத் தடவிக்கொண்டே தரையில் சரிந்து உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தாள். வலிக்கத்தான் செய்தது. அது ஒரு பொருட்டா?

அன்று முதல்தான் தலை நரைத்தவர்களின் முழங்கால் எழுந்தாலும் உட்கார்ந்தாலும் ஏதாவது ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கிறது; அவர்களும் பதிலுக்கு ஒரு 'அப்பாடா' சொல்லாமல் உட்காருவதில்லை.