கரடியின் ஆறு டன் டிராக்டர்

காட்டுக் குளத்தங்கரையில் கரடிக்கு அரை ஏக்கர் நெல் வயல் இருந்தது. வருஷா வருஷம் எருமைதான் அதை உழுதுகொடுக்கும். வைக்கோல்தான் அதற்குக் கூலி.

இந்த வருஷம் நாற்று நடவுக்குத் தயாராகிவிட்டது. நாலு நாளில் நடாவிட்டால் முற்றிப்போகும், அப்புறம் கரடிக்குச் சோறு கிடையாது. அந்த நேரம் பார்த்து, டிராக்டர் விற்கும் கீரி வழவழப்பான புத்தகத்தோடு வந்தது.

"கரடியண்ணே, நூற்றிருபது குதிரைத் திறன். முன்னுக்குப் பதினாறு கியர், பின்னுக்கு எட்டு. நாலு சக்கரமும் இழுக்கும். கேபின்ல ஏசி வேற."

மூன்றாவது கியர் போடுவதற்குள் கரடியின் வயல் முடிந்துவிடும். அதை அது யோசிக்கவே இல்லை. உடம்பெல்லாம் ரோமத்தை வைத்துக்கொண்டு வெயிலில் வெந்த ஜென்மம். ஏசி என்றதும் வாயைப் பிளந்துவிட்டது.

"கனம் எவ்வளவு?" என்று பக்கத்தில் நின்ற எருமை கேட்டது.

"ஆறு டன்!" என்று கீரி நெஞ்சை நிமிர்த்தியது. "இவ்வளவு கனமான வண்டி இந்தக் காட்டுலயே கிடையாது."

கரடி கை தட்டியது.

"அண்ணே, நான் அரை டன். எனக்கே வயல்ல முழங்கால் வரைக்கும் புதையுது. அடியில களிமண்ணு" என்றது எருமை.

"வேலை போகுதேன்னு உனக்கு வயித்தெரிச்சல். இனிமே இந்தப் பக்கம் வராதே" என்றது கரடி.

கரடி தன்னிடம் இருந்த தேனடை அத்தனையையும் கொடுத்து டிராக்டரை வாங்கியது. மறுநாள் காலை ஏசியை முழுசாகத் திருகிவிட்டு வயலில் இறக்கியது. பத்தடி போனதும் சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. பதினாறு கியரையும் போட்டுப் பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் வண்டி இன்னும் கொஞ்சம் புதைந்தது. கடைசியில் கதவையே சேறு அடைத்துவிட்டது.

"கீரி, ஏதாவது பண்ணுடா!"

வரப்பில் நின்று வேடிக்கை பார்த்த கீரி புத்தகத்தைப் புரட்டியது. "பின்னாடி கலப்பை மாட்டுற லிஃப்ட் மூணு டன் தூக்கும் அண்ணே."

"இந்த வண்டியைத் தூக்குமா?"

"தன்னைத் தவிர எல்லாத்தையும் தூக்கும்" என்று சொல்லிவிட்டுக் கீரி புதருக்குள் நழுவியது.

வேறு வழியில்லாமல் கரடி எருமையைக் கூப்பிட்டது. எருமை வந்து பார்த்தது. "வண்டியை என்னால இழுக்க முடியாது. உங்களை வேணா இழுக்கிறேன்."

எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு கரடி ஜன்னல் வழியாக வெளியே வந்தது. எருமை டிராக்டரைச் சுற்றியே வயலை உழுதது. கரடி கொளுத்தும் வெயிலில் குனிந்து நாற்று நட்டது. ஏசி கேபினில் தவளைகள் குடியேறின.

ஒரு பொருள் என்னவெல்லாம் செய்யும் என்று கேட்பவர், அதைத் தன் நிலம் தாங்குமா என்று முதலில் கேட்க வேண்டும்.