இடம் மாறிய காபி

கோயம்புத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அதன் மேனேஜர் ரங்கபாஷ்யத்துக்கு அழகுப் பைத்தியம். பில் போடும் திரையில் இருக்கும் 'சேவ்' பட்டனைத் தினம் ஒரு மூலைக்கு நகர்த்துவார். பட்டனைத் தானாகவே அமுக்கிச் சோதிக்கும் புரோகிராமோ பழைய இடத்தையே அமுக்கிவிட்டு நிற்கும். திட்டு மட்டும் அதை எழுதிய குயிலிக்கு.

"நான் எங்கே நகர்த்தினாலும் உன் புரோகிராம் கண்டுபிடிக்கணும். நாளைக்கும் கோட்டை விட்டா, நீ வேலைக்கே வர வேண்டாம்!"

"சரிங்க சார்."

மறுநாள் மீட்டிங். செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே வலப்பக்கம் கைநீட்டி, காபி டம்ளரை எடுத்துக் குடிப்பது மேனேஜரின் வழக்கம். அன்றும் அப்படியே எடுத்து ஒரு வாய் குடித்தார். புரையேறிவிட்டது. டம்ளரில் இருந்தது மிளகு ரசம். காபி ஒரு சாண் தள்ளி ஆறிக்கொண்டிருந்தது.

"யார் காபியை நகர்த்தினது?"

"நான்தாங்க சார்," என்றாள் குயிலி. "கண்ணும் மூக்கும் இருக்கிற உங்களுக்கே இடம் தப்பிடுச்சு. என் புரோகிராமுக்கு ரெண்டும் இல்லீங்களே! திரையில தெரியிற 'சேவ்' அதுக்குத் தெரியாது; பட்டனுக்கு உள்ளுக்குள்ள, புரோகிராம் படிக்கிற மாதிரி ஒரு பேர் வெச்சுக் குடுங்க. எந்த மூலையில இருந்தாலும் அந்தப் பேரை வெச்சுத் தேடிப் பிடிச்சிடும்."

மீட்டிங்கே சிரித்தது. மேனேஜர் இருமிக்கொண்டே தலையாட்டினார்.

சாயங்காலத்துக்குள் எல்லாப் பட்டனுக்கும் பேர் வந்துவிட்டது. மறுநாள் மேனேஜரின் டம்ளரிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, அவர் கையாலேயே எழுதியது: 'காபி'.