மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தவர்

நெடுங்குளம் சமஸ்தானத்தில் அப்போது எங்கு பார்த்தாலும் மண்ணாங்கட்டிகள்தான். நம்ம பேச்சு, நம்ம பாட்டு, நம்ம தறித்துணி என்று கிளம்பிய கூட்டத்துக்கு அதுதான் பெயர். எந்தப் புண்ணியவான் வைத்தானோ, ஊருக்கு மறந்துபோச்சு. ராஜாவே அந்தக் கூட்டத்தில் சேர்ந்து, “பெயர் வைத்தவருக்குத் தேர்த்திருவிழாவில் பரிவட்டம்” என்றார்.

திவான் கோதண்டராயர் சீமைக் கோட்டையும் தொப்பியையும் அவசரமாகக் கழற்றினார். “நான்தான் வைத்தேன்!”

சாட்சி வேண்டுமே? தண்டோரா போடும் பிச்சாண்டியைக் கூப்பிட்டு மிரட்டினார். “நான்தான் வச்சேன்னு ஊரறியச் சொல்லு. இல்லேன்னா உன் கையில தமுக்கு இருக்காது.”

“நீங்கதானே வச்சீங்க எசமான்! அன்னிக்கு ஊருக்குச் சொன்னதே நான்தான். அதே வார்த்தையை அப்படியே சொல்லிடட்டுமா?”

திவானுக்கு வாயெல்லாம் பல். “சொல்லுடா!”

தேர்முட்டியில், ராஜாவுக்கு முன்னால் தமுக்கு முழங்கியது. “இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், திவான் உத்தரவு! தறித்துணி கட்டிக்கொண்டு நாட்டுப்பாட்டு பாடும் மண்ணாங்கட்டிப் பயல்கள் அரண்மனைத் தெருவில் கால் வைத்தால் கசையடி!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “நிறுத்துடா!” என்று திவான் அலறினார்.

பிச்சாண்டி பணிவாகக் கும்பிட்டான். “ஆரம்பிச்ச தண்டோராவை நாலு தெருவும் சுத்தாம நிறுத்தக் கூடாதுன்னு எசமான்தானே சட்டம் போட்டீங்க?”

ராஜா சிரித்துச் சிரித்து நீர் வந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சொன்ன சொல் தவறாமல் திவான் தலையில் பரிவட்டத்தைக் கட்டி, தமுக்குக்குப் பின்னாலேயே நாலு தெருவும் நடக்க வைத்தார்.