வருகையில் மட்டும் இருந்த போலீஸ்

செவ்வந்திக்கரை காவல் நிலையத்தில் ஒரு பெண்ணின் புகாரை எழுத ஆள் இல்லாமல் போயிற்று. நிலையத்துக்கு ஒதுக்கிய பெண் போலீஸ் ஒரே ஒருவர். பெயர் செண்பகவடிவு. அவர் இரண்டு தெரு தள்ளி, டி.எஸ்.பி. வீட்டில் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

நாட்டில் போலீஸ் இத்தனை பேர், அதில் பெண்கள் இத்தனை பேர் என்று மேடைக்கு மேடை கணக்குச் சொல்கிறார்கள். கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. மாவு பிசைகிறவரும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி.

பிசையச் சொல்லி எழுத்தில் உத்தரவு கிடையாது. வாய்வார்த்தைதான். தினமும் காலையில் எஸ்.ஐ. தாமோதரன் நிலையத்தில் பெயர் கூப்பிடுவார். செண்பகவடிவு பெயர் வந்ததும் ஏட்டு சங்கிலி, அத்தனை பெரிய மீசையை வைத்துக்கொண்டு, "உள்ளேன் ஐயா" என்பார். எஸ்.ஐ. தலை நிமிராமல் வருகை போடுவார். யாரும் சிரிப்பதில்லை. பழகிவிட்டது.

அன்று மதியம் ராசகனி என்ற மில் தொழிலாளி தாயோடு வந்தாள். மேற்பார்வையாளன் அவளைப் பஞ்சுக் கிடங்குக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறான். அவன் கையைக் கடித்துவிட்டுத் தப்பி வந்திருக்கிறாள். அவன் சாயங்கால பஸ்ஸில் ஊரைவிட்டே கிளம்பப்போகிறான்.

இந்தப் புகாரைப் பெண் அதிகாரிதான் எழுதவேண்டும், அது சட்டம், நான் எழுதினால் கோர்ட்டில் கிழித்துவிடுவார்கள் என்றார் எஸ்.ஐ. பக்கத்து ஊர் மகளிர் நிலையத்துக்குப் போகச் சொன்னார். போய்ச் சேர்வதற்குள் அவன் பறந்துவிடுவான்.

"போர்டுல பொம்பளை போலீஸ்னு ஒரு பேரு போட்டிருக்கே, அது யாருங்கய்யா?" என்றாள் தாய். எஸ்.ஐ. மின்விசிறியைப் பார்த்தார்.

ஏட்டு கொல்லைப்பக்கம் போய்ச் செண்பகவடிவுக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொல்லிவிட்டு, "நான் கூப்பிட்டேன்னு மட்டும் சொல்லிராத தாயி" என்றார்.

செண்பகவடிவு அனுமதி கேட்டார். நாளைக்குக் காதுகுத்து, சுட்டு முடித்துவிட்டுப் போ என்றார் டி.எஸ்.பி.யின் மனைவி. செண்பகவடிவு தன் கையைப் பார்த்தார். பயிற்சியில் துப்பாக்கி பிடித்த கை. வேலை போனால் வீட்டில் உலை கொதிக்காது. அதுவும் தெரியும். அடுப்பை அணைத்தார்.

"நீங்களே பிழிஞ்சுக்கோங்கம்மா."

ஓடிவந்து புகாரை எழுதினார். தாளின் ஓரத்தில் மாவு ஒட்டியது. மேற்பார்வையாளனைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள்.

மறுநாள் டி.எஸ்.பி. குதித்தார். அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டு ஓடியதாகச் செண்பகவடிவுக்கு மெமோ வந்தது. வேலையே போகிற குற்றம்.

எஸ்.ஐ. சட்டத்தைச் சொன்னார். ஏட்டு ஒளிந்து நின்று உதவினார். செண்பகவடிவு பேச்சை மீறி வந்தார். இந்த மூவரில் யார் செய்தது சரி? அந்த மெமோ நிற்குமா? யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

நிற்காது. விசாரணையில் செண்பகவடிவு ஒன்றுதான் கேட்டார்: "அன்னைக்குக் காலையில நான் எங்க ஆஜர், ஐயா?" வருகைப்படி அவர் நிலையத்தில் இருந்தார். ஓடினார் என்றால் எங்கிருந்து ஓடினார்? தன் வீட்டு அடுப்படியிலிருந்து என்று டி.எஸ்.பி.யே சொல்லவேண்டும். சொல்வாரா? மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எஸ்.ஐ. சொன்ன சட்டம் சரி, போட்ட வருகை பொய். ஏட்டு போட்ட போன் சரி, சொன்ன "உள்ளேன்" பொய். அந்தப் பொய்யைத் தன் காலால் ஓடிவந்து மெய்யாக்கியவர் ஒருவர்தான். செண்பகவடிவு.